கார்க் கண்ணாடியில் சொருகிய படங்கள்

தம்பி குமாரு, பிள்ளைகள் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லி முடிக்காமல் எனக்கு வேறு எதுவும் எழுத ஓடாது. உன் பெரியவள் மாலதி பேச்சுப் போட்டியில் முதலாவதாக வந்ததை, நாற்று மேடையில் என்னோடு வேலை செய்கிற அத்தனை பேருக்கும் உன் கடிதத்தை வைத்தே வாசித்துக் காட்டினேன். கங்காணி ஒரு தடவை கேட்டுவிட்டு, மறுநாள் தன் சம்சாரத்தையும் கூட்டிவந்து நிறுத்தி, "திரும்பப் படிங்க" என்றார். சின்னவன் சுரேஷ் ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கியிருக்கிறான். கோப்பை எவ்வளவு உயரம் என்று நீ எழுதவில்லை. கேட்டவர்களுக்கு முழங்கை உயரம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். யாராவது உன்னைக் கேட்டால் நீயும் அதையே சொல். உன் அக்கா பார்வதியின் மகன் ரவிக்கு ஈப்போவில் தொழிற்கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. அவன் தங்கை தேவி ஐந்தாம் வகுப்புப் பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் நல்ல புள்ளி. நான் எந்த வகுப்போடு பள்ளிக்கூடப் பையைத் தூக்கி மூலையில் போட்டேனோ அந்த வகுப்பில் என் பேத்தி பரிசு வாங்குகிறாள். நீ ஆபீசில் ஒரு படி மேலே போய், நம் நாட்டிலேயே செய்கிற புதுக் காரை வாங்கினாய் என்று கேட்டு லயத்தில் வீட்டுக்கு வீடு சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேன். வசந்தா சுகம். அவள் எப்போதும் போலத்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் பழைய காரை விற்றுவிட முடிவு செய்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை வாங்குகிற ஆளையும் கூட்டிக்கொண்டு மேலே வருவதாக எழுதியிருக்கிறாய். அப்பா போன பிறகு கார் உன் பேருக்கு மாறியது, விற்க உனக்கு உரிமை இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. நீ பயப்படுவதும் நியாயம். போன மழையில் நீ அதை எடுத்துக்கொண்டு ரிங்லெட்டுக்குப் போய் வந்தபோது முன் கண்ணாடியின் ஓரத்திலிருந்து தண்ணீர் இறங்கி உன் கால்சட்டை தொடையோடு ஒட்டிக்கொண்டது. "இது காடியாம்மா, தண்ணித் தொட்டியா?" என்று கேட்டாய். பள்ளத்தில் ஏறி இறங்கும்போது கண்ணாடியே அசைகிறது, ஒரு நாள் வளைவில் திரும்பும்போது வசந்தாவின் மடியில் வந்து விழும் என்று சொன்னாய். அன்றைக்கு நீ சொன்னதிலிருந்து எனக்கும் தூக்கம் சரியில்லை. ஆனால் கார் போனால் உன் தங்கை வசந்தாவின் வேலையும் போகும், தம்பி. நம் தோட்டத்திலிருந்து கோலா தெர்லாவில் அவள் படித்துக் கொடுக்கிற பள்ளிக்கூடத்துக்குக் காலை மணி அடிப்பதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற பஸ் கிடையாது என்று உனக்குத் தெரியும். வேலையை விட்டுவிட்டு என்னோடு கீழே உன் வீட்டுக்கு வந்துவிடட்டும், அங்கே வேறு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறாய். அவளிடம் கேட்டாயா? உன் கடிதத்தில் அவளுக்கு என்று ஒரு வரி இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

எழுந்து போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இதை எழுதத் தொடங்கியதிலிருந்து இது எத்தனையாவது தடவை என்று கேட்காதே. மலைக்கு மேலே மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. துணி காய வேண்டுமென்றால் மழை விடாத ஊர் இது; நான் மழைக்குக் காத்திருக்கத் தொடங்கிய நாளிலிருந்து, உனக்கு நான் வரமாட்டேன் போ என்று அது எங்கேயோ போய்விட்டது. ஏன் மழைக்குக் காத்திருக்கிறேன் என்றால், அந்த முன் கண்ணாடியைச் சுற்றி ஓடுகிற ரப்பரை நானும் வசந்தாவும் மாற்றிவிட்டோம். நீ சிரிப்பாய். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

பிரிஞ்சாங்கில் லோரி பழுது பார்க்கிற சீனர் அ செங்கை உனக்குத் தெரியும், அப்பாவின் சிநேகிதர். அவரிடம்தான் முதலில் போனோம். காரைச் சுற்றி வந்து, ரப்பரை விரலால் கிள்ளிப் பார்த்தார். பிஸ்கட் மாதிரி உடைந்து கையோடு வந்தது. கண்ணாடி நல்லது, தகரம் நல்லது, ரப்பர்தான் செத்துப்போச்சு என்றார். இது கோபிஸ் சீசன், வாசலில் முட்டைக்கோஸ் ஏற்றுகிற லோரிகள் வரிசை பிடித்து நிற்கின்றன, இப்போது தன்னால் முடியாது, ஈப்போவிலிருந்து ரப்பர் வரவழைத்துத் தருகிறேன், அங்கே கொண்டுபோய் மாட்டிக்கொள்ளுங்கள் என்றார். ஈப்போவில் விட்டால் கார் எப்போது திரும்பும் என்று யார் சொல்வது? வசந்தா உடனே, "எப்படி மாட்டுறதுன்னு சொல்லுங்க அங்கிள், நாங்களே போட்டுக்கிறோம்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் விடுவேனா? என் அம்மா பீடோரில் ரப்பர் மரம் சீவியவள், நான் கல்யாணமாகி இந்தத் தேயிலை மலைக்கு ஏறுகிற வரைக்கும் பால் வாளி தூக்கியவள், ரப்பரைப் பற்றி எனக்கே பாடமா என்று நீட்டி முழக்கினேன்.

அதனால்தான் அவர் பாடம் சொல்லும்போது நான் காதைச் சரியாகக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. ரப்பரை வெந்நீரில் போட்டு இளக்க வேண்டும், கண்ணாடியைச் சுற்றி மாட்டி இரண்டு முனையும் கீழே நடுவில் வந்து சேர்கிற மாதிரி வெட்ட வேண்டும், ரப்பரின் வெளிப் பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றி வைக்க வேண்டும், சவுக்காரத் தண்ணீர் தடவிக் கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்தி, ஒருத்தர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த ஒருத்தர் உள்ளேயிருந்து கயிற்றை இழுக்க வேண்டும், கயிறு வர வர ரப்பரின் உதடு தகர விளிம்பைத் தாண்டி உள்ளே மடிந்து உட்கார்ந்துவிடும். இவ்வளவையும் மலாயில் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு வசந்தாவைப் பார்த்து, "தாலி அடா?" என்றார். மலாயில் தாலி என்றால் கயிறு என்று பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். இருந்தாலும் கல்யாணமாகாத பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தாலி இருக்கிறதா என்று கேட்டால் எந்த அம்மாவுக்கு முகம் மாறாது? வசந்தா சிரித்துக்கொண்டு, "அம்மா, கயிறு இருக்கான்னு கேக்குறாரு லா. மூஞ்சியப் பாரு" என்றாள். "தெரியும் தெரியும், நீ இந்தக் கயித்துத் தாலியத்தவிர வேற தாலிக்கு ஏற்பாடு பண்ண மாட்டே" என்றேன். அந்த ரோஷத்தில் இருந்தபோதுதான் அவர் கடைசியாக ஒன்று சொன்னார். "தாலி தாரிக், ஆச்சி. கெத்தா ஜாங்கான் தாரிக்." கயிற்றை இழு, ரப்பரை இழுக்காதே. அந்த நேரம் பார்த்து ஒரு கோபிஸ் லோரி உறுமிக்கொண்டு கிளம்பியது. கூடாது என்கிற 'ஜாங்கான்' லோரியோடு போய்விட்டது. என் காதில் விழுந்தது தாரிக், தாரிக் என்று இரண்டு இழுப்புகள்தான்.

ரப்பர் வந்த வாரக் கடைசியில் லயத்துக்கு முன்னால் காரை நிறுத்தி வேலையைத் தொடங்கினோம். வைப்பர் கைகளைக் கழற்றி, பழைய ரப்பரை உள்ளேயிருந்து கத்தியால் அறுத்தோம். பக்கத்து வீட்டு முனியம்மா கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்றுகொண்டாள். "ஆத்தாளும் மவளும் கண்ணாடிய ஒடைக்கிற சத்தம் கேட்டா தீவாளிக்கு வெடி வாங்க வேணாம்" என்றாள். "நிக்கிறவ ஒரு கை பிடிச்சா என்னா?" என்று கேட்டேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்து பிடித்தாள், அதையும் சொல்ல வேண்டும். கத்தி மற்ற பக்கமெல்லாம் சரசரவென்று போனது. ஓட்டுகிறவர் பக்கம், கீழ் மூலையில், இறங்கவே இல்லை. வசந்தா உள்ளே குனிந்து நகத்தை விட்டு நெம்பினாள். பழுத்த வெற்றிலைக் கட்டு மாதிரி ஒன்று கையோடு வந்தது.

அது என்ன என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, தம்பி. நான் சொருகியவை. நீ ஆறாம் படிவம் முடித்து ஸ்டூடியோவில் எடுத்த படம், கழுத்துப்பட்டையோடு முதல் வேலைக்குப் போன படம், உன் கல்யாணப் படம், மாலதி குப்புற விழுந்த படம், ரவி பள்ளிக்கூடச் சட்டையில் நிற்பது, இப்படி யார் எது ஜெயித்தாலும் தபாலில் வந்த படத்தை நான் கொண்டுபோய் அந்த ரப்பர் உதட்டுக்குள் சொருகிவிடுவேன். பழையதை எடுக்க மனசு வராது, அதற்கு மேலேயே புதியது. அப்பா முதலில் விடவில்லை. "நான் ரோட்டப் பாக்கவா, ஒம்மவனப் பாக்கவா?" என்பார். பிறகு அவருக்கே வழக்கமாகி, பிரிஞ்சாங்கில் காய்கறிக்காரர்கள் குனிந்து பார்த்தால் கண்ணாடியைத் துடைத்துக் காட்டுவார். நீ ஒரு தீபாவளிக்கு வந்தபோது, "ஏம்மா என்னய ஊர்கோலம் விடுறீங்க?" என்று கோபித்துக்கொண்டாய், ஞாபகம் இருக்கிறதா? அதன் பிறகு நீ படம் அனுப்புவது குறைந்தது. நான் சொருகுவது குறையவில்லை. பார்வதி அனுப்பினாள், சொருகினேன். இத்தனை வருஷம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கெட்டி அட்டைகளைத் திணித்தால் எந்த ரப்பர்தான் வாயை மூடும்? மற்ற இடத்தில் ரப்பர் வயசாகிக் காய்ந்திருந்தது. தண்ணீர் உள்ளே வந்த வாசல் அந்த மூலைதான். உன் தொடையை நனைத்தது உன் படம்தான், தம்பி.

வசந்தா அந்தக் கட்டைப் பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை. எல்லோர் முகமும் ஒருத்தர் மேல் ஒருத்தர் ஒட்டி, சாயம் இறங்கி, அடியில் ஒரு கழுத்துப்பட்டை மட்டும் தெரிந்தது. "யாரு யாருன்னே தெரியலம்மா" என்றாள். அப்புறம் அதை முனியம்மாவிடம் நீட்டிக்கொண்டே, "நல்லவேள, நான் இதுல இல்ல. தப்பிச்சேன்" என்று சிரித்தாள். முனியம்மா சும்மா இருக்க மாட்டாளே, "நெசமாவே ஒண்ணுகூடவா இல்ல?" என்று கேட்டாள். நான் உடனே, "அவதான் காடிக்குள்ளயே ஒக்காந்திருக்காளே, அவளுக்கு எதுக்குப் படம்?" என்றேன். அந்த நேரத்துக்கு அது நல்ல பதிலாகத்தான் இருந்தது. மூன்று பேரும் சிரித்தோம். சிரித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கம்பளி விரித்துப் படுக்க வைத்தோம். விளிம்பில் இருந்த துருவைச் சுரண்டிச் சிவப்புச் சாயம் அடித்தோம்.

மறுநாள் காலையில் ரப்பரை வெந்நீரில் போட்டு எடுத்துக் கண்ணாடியைச் சுற்றி மாட்டினோம். இங்கேதான் நான் கெடுத்தேன். நமக்கு எதையும் இழுத்துக் கட்டித்தானே பழக்கம். கொழுந்து எடுக்கப் போனால் சேலை நனையாமல் இடுப்பில் சுற்றுகிற படங்கை இழுத்துக் கட்டுவோம், நாற்று மேடையில் வரிசைக் கயிற்றை விரலால் சுண்டினால் சத்தம் வருகிற மாதிரி இழுத்துக் கட்டுவோம். அதே கையோடு ரப்பரையும் இழுத்தேன். வெந்நீரில் கிடந்தது அல்லவா, கேட்ட மாதிரியெல்லாம் வந்தது. "அம்மா, இழுக்காதீங்க, அவரு ஏதோ சொன்னாரே" என்றாள் வசந்தா. "தாரிக் தாரிக்னு தொண்ட கிழிய கத்துனாரு, நீதான் கேக்கல" என்றேன். வாத்தியாருக்கே வகுப்பு எடுத்தேன். இழுத்துப் பிடித்து முனைகளை ஒட்ட வெட்டினேன், ஒரு சாண் துண்டு மிச்சம் விழுந்தது. பார்த்தாயா, மிச்சம் பிடித்துவிட்டேன் என்று அதை முனியம்மாவிடம் காட்டினேன். வரிசை பிடிக்கிற நைலான் கயிற்றைப் பள்ளத்தில் சுற்றிக் கண்ணாடியைத் தூக்கி வைத்து, நானும் முனியம்மாவும் வெளியிலிருந்து தட்டித் தட்டி அழுத்த, வசந்தா உள்ளேயிருந்து கயிற்றை இழுத்தாள். உதடு மடிந்து மடிந்து போய் உட்கார்ந்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும். புது ரவிக்கைக்குக் கரை வைத்த மாதிரி இருந்தது. ரப்பருக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன்.

இரவு நல்ல குளிர். காலையில் வசந்தா பள்ளிக்குப் புறப்பட்டுப் போனவள் சத்தமில்லாமல் திரும்பி வந்து அடுப்படியில் நின்றாள். "அம்மா, கொஞ்சம் வாங்க." போய்ப் பார்த்தேன். இழுத்த ரப்பர் குளிரில் தன் அளவுக்குச் சுருங்கிக்கொண்டது. கீழே நடுவில், நான் சந்தனம் வைத்த இடத்தில், இரண்டு முனைக்கும் நடுவே விரல் நுழைகிற சந்து. சந்தனம் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். வசந்தா மணியைப் பார்த்தாள். சாக்கை எடுத்துக் கண்ணாடிமேல் போட்டுக் கட்டிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு நடந்து போனாள். அந்த வாரம் முழுக்க அவள் பிரிஞ்சாங்குக்குத் திரும்புகிற காய்கறி லோரிகளில் ஏறிப் போனாள். விடியற்காலை இருட்டில் ரோட்டோரம் கை காட்டி நின்றாள், தம்பி, உன் தங்கை. ஒரு நாள் லோரி வரவில்லை, முதல் பாடம் போய்விட்டது, தலைமை ஆசிரியர் கூப்பிட்டுக் கேட்டாராம். "பிள்ளைங்க என்னா சொல்றாங்க தெரியுமா? டீச்சர் மேல கோபிஸ் வாசம் அடிக்குதாம்" என்று வந்து சொல்லிச் சிரித்தாள்.

மறுபடி அ செங்கிடம் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னதும், தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ஆச்சி, ஜாங்கான் தாரிக் சொன்னேன் லா. ஜாங்கான். தோலாக். தோலாக் சாஜா." இழுக்காதே, தள்ளு, தள்ளு மட்டும் செய். ரப்பரை இழுத்து மாட்டக் கூடாது, தளர விட்டு, பள்ளத்துக்குள் தள்ளித் தள்ளி ஊட்ட வேண்டும். அளவைவிடக் கொஞ்சம் கூடவே விட்டு வெட்டி, இரண்டு முனையையும் நெருக்கி முட்ட வைக்க வேண்டும். அது ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும், எந்தக் குளிரிலும் பிரியாது. இதைச் சொல்லிவிட்டு, எனக்குக் காது எப்படி என்று வசந்தாவிடம் விசாரித்தார். படக் கட்டையும் காட்டினோம். முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இந்த வாய் தொறந்தா தண்ணி உள்ள மாசோக் லா ஆச்சி. பிள்ளைங்க படம் வீட்டுல வை."

இரண்டாவது ரப்பர் வந்து, அவர் சொன்ன மாதிரியே தள்ளித் தள்ளி ஊட்டி மாட்டினோம். இந்தத் தடவை ரப்பர் வசந்தா கையில், நான் வெந்நீர் எடுத்துக் கொடுத்ததோடு சரி. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், ஒரு சொட்டு இறங்கவில்லை. ஆனால் நிற்கிற காருக்குத் தண்ணீர் ஊற்றுவது வேறு, ஓடுகிற காரில் எதிர்க்காற்றோடு அறைகிற மழை வேறு. அது வந்தால்தான் உனக்கு நான் நிச்சயமாக எழுத முடியும். அதனால் கண்ணாடிக்கு உள்ளே, கீழ் ரப்பர் நெடுக, வெண் கோடு மாதிரி திருநீற்றைத் தூவி வைத்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் பூசை போட்டிருக்கிறது என்று நினைக்கிறார்கள். ஒரு சொட்டு உள்ளே வந்தாலும் திருநீறு காட்டிக்கொடுத்துவிடும். மழை வராமல் நாள் போகிறது, உன் ஞாயிற்றுக்கிழமை நெருங்குகிறது, நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறேன்.

வந்துவிட்டது, தம்பி. மேலே எழுதிக்கொண்டிருக்கும்போதே தகரத்தில் ஒன்று, இரண்டு என்று விழுந்து, இப்போது எதிர் லயம் தெரியவில்லை. வசந்தா இந்நேரம் பள்ளியை விட்டுப் புறப்பட்டிருப்பாள். பிரிஞ்சாங் இறக்கத்தில் இருப்பாளோ, தானா ராத்தாவைத் தாண்டியிருப்பாளோ. இத்தனை நாள் மழை வேண்டும் வேண்டும் என்று கேட்டவளுக்கு, அவள் ரோட்டில் இருக்கும்போது இது கொட்டும் என்று உறைக்கவில்லை. நீ சொன்னதுதான் காதுக்குள் ஓடுகிறது, வளைவில் திரும்பும்போது மடியில் விழும் என்று. கையெழுத்து கோணலாகப் போகிறது, பொறுத்துக்கொள். எழுதாமல் சும்மா உட்கார்ந்தால் இன்னும் மோசம்.

இப்போது எனக்கு அந்தக் கட்டு ஞாபகம்தான் வருகிறது. தப்பிச்சேன் என்று சிரித்தாளே, அது. அப்பா படுக்கையில் விழுந்த வருஷம், யாரும் சொல்லாமலே அவள் போய் லைசென்ஸ் எடுத்தாள். லயத்திலிருந்து கார் ஓட்டிய முதல் பெண் அவள்தான். அவரைத் தாப்பா ஆஸ்பத்திரிக்கு இறக்கி ஏற்றியது அவள். பள்ளிக்கூட வேலைக்குக் கடிதம் வந்த அன்றைக்கு நான் நாற்று மேடையில் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. அவள் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறவள்தானே, இதில் என்ன சேதி என்று இருந்துவிட்டேன். தூரத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் படம், பக்கத்தில் இருப்பவளுக்கு முதுகு. இந்தக் கடிதத்தின் தொடக்கத்தில் பிள்ளைகள் சேதி எழுதினேனே, போய்ப் பார். உனக்குச் சர்க்கரைப் பொங்கல் வரைக்கும் வந்திருக்கிறது, அவளுக்கு இரண்டு சின்ன வரி. அடித்துவிட்டுத் திருத்தலாமா என்று பேனாவை வைத்தேன். வேண்டாம், நீயும் பார் என்று விட்டுவிட்டேன். நீயும் நானும் ஒரே மாதிரிதான் செய்திருக்கிறோம். நீ அங்கே இருந்துகொண்டு உன் அளவுக்கு எங்களை இழுக்கிறாய். வெந்நீரில் கிடக்கிறபோது நாங்கள் இளகி வந்துவிடுவோம், வரமாட்டோம் என்று சொல்லவில்லை. நீ கோபித்துக்கொண்டால் வசந்தா வேலையை விட்டுவிட்டு வந்தே விடுவாள், அவள் குணம் அது. அதற்கப்புறம் ஒரு குளிரில் எங்கே சந்து விடும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கொஞ்சம் கூட விட்டு வெட்டு, தம்பி. உன் வீட்டிலும் அப்படியே இரு. மாலதியை ஜெயி ஜெயி என்று ரொம்ப இழுக்காதே. சொல்கிறவள் யார் என்று சிரிக்காமல் கேட்டுக்கொள்.

ஹாரன் சத்தம். இரு, வருகிறேன்.

மழையில் முக்காடு போட்டுக்கொண்டு ஓடினேன். வசந்தா இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். கதவுக் கண்ணாடியைத் தட்டினேன். கண்ணாடியை ஒரு விரல் அளவுக்கு இறக்கி, "அந்தப் பக்கமா வந்து ஏறுங்க, கதவ முழுசாத் தொறக்காதீங்க, தண்ணி உள்ள வந்தா அப்புறம் எந்த வழியா வந்த தண்ணின்னு தெரியாது" என்றாள். ஏறி உட்கார்ந்தேன். எதிரே கண்ணாடியில் மழை அருவி மாதிரி இறங்குகிறது, வைப்பர் தள்ளித் தள்ளி மாளவில்லை. அவள் என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்தாள். உடுத்திப் போன வெள்ளைப் பருத்திச் சேலை காலையில் மடிப்பு வைத்தபடி மொடமொடவென்று இருந்தது. "தானா ராத்தாவிலிருந்து சரியான மழம்மா. பள்ளத்துல ரெண்டு வாட்டி வேணும்னே எறக்குனேன். கண்ணாடி அசையல." "வேணும்னு எதுக்குடி எறக்குனே?" "அண்ணன் கேப்பாரு இல்ல?" என்றாள். நான் குனிந்து அந்த மூலையைப் பார்த்தேன், படம் சொருகிய மூலையை. திருநீறு வைத்த கோடு வைத்தபடியே இருந்தது. லேசாக ஊதினேன். மாவு மாதிரி பறந்து அவள் முகத்தில் போய்ப் படிந்தது. "போச்சு போங்க, தும்மல் வரப் போவுது" என்றாள். தும்மினாள். இரண்டு பேரும் மழை விடுகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம், உள்ளே நனையாமல்.

வேலையை விட்டு அண்ணன் வீட்டுக்குப் போகலாமா என்று அங்கே வைத்துத்தான் அவளைக் கேட்டேன். கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்துக்கொண்டே, "அண்ணன் பிள்ளைங்களப் பாக்க லீவுக்குப் போவோம்மா. இதுலயே போவோம்" என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், இதற்குமேல் நான் எதுவும் சேர்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வா. வாங்குகிற ஆளைக் கூட்டிவராதே, அவருக்கு என்ன சொல்ல வேண்டுமோ சொல்லிக்கொள். அதற்குப் பதிலாக உன் கேமராவைக் கொண்டு வா. காரை லயத்துக்கு முன்னால் நிறுத்தி, வசந்தாவை ஓட்டுகிற இடத்தில் உட்கார வைத்து, நீ முன்னால் நின்று கண்ணாடி வழியாக எடு. சுற்றிலும் அந்தக் கறுப்பு ரப்பர் நாலு பக்கமும் தெரிய வேண்டும், சட்டம் போட்ட மாதிரி, நடுவில் அவள். முகம் தெளிவாக விழுகிறவரைக்கும் எத்தனை பிலிம் ஆனாலும் எடு. நான் அதை எங்கேயும் சொருக மாட்டேன், சுவரில் ஆணியடித்து மாட்டுவேன், நாற்று மேடைக்கும் எடுத்துப் போவேன். கீழே போனதும் முதல் வேலையாகப் பிலிமைக் கழுவி, மடங்காமல் இரண்டு பக்கமும் அட்டை வைத்து, உடனே தபாலில் போட்டுவிடு.